ஒன்பது போக

லோரோங் எட்டில் பட்டறைகளின் ஷட்டர் இறங்கிய பிறகு
எங்கள் வேலை தொடங்கும்.
எஃகு மேசை, வடிகால், மேலே ஒரு குழல்விளக்கு.
விட்டுவிட்டுக் கண்சிமிட்டும் அது.
கூர்மன் என்று பெயர் வைத்திருக்கிறேன்,
இமையை ஆட்டும் காற்றின் பெயர்.

இன்று வந்தவர் வைரப்பன், அறுபத்தெட்டு,
நீச்சல் பயிற்றுநர்.
கழுத்தைச் சுற்றி விசில் கயிற்றின் வெளிறிய தடம்,
வெயில் எட்டாத ஒரே இடம்.
முப்பது வருடம் பிள்ளைகளிடம் இதையே சொன்னாராம்:
"மூச்சைத் தண்ணிக்குள்ள விடு, மேல வந்து வாங்கு."
நேற்று விட்டார். வாங்கவில்லை.

மகன் இளமாறன் கதவருகே நின்றான்,
சமூக மன்றத்தில் செவ்வாய் மாலை யோகா சொல்லித்தருகிறவன்.
என் பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடாமல்
விரலிடுக்கில் சுழற்றிக்கொண்டே கேட்டான்:
"அக்கா, பத்து வாயுல ஒன்பது போயிருக்கும்.
தனஞ்செயன் மட்டும் போகமாட்டான்.
மூணு நாள் இருந்து, உடம்பை வீங்க வெச்சு,
உச்சந்தலையைத் திறந்துக்கிட்டுத்தான் போவான்.
நீங்க மருந்து ஏத்திட்டா
அவன் எந்த வழியாப் போவான்?"

பதினோரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.
எவ்வளவு ஆகும் என்பார்கள்,
முகம் சிரித்த மாதிரி வருமா என்பார்கள்.

தெரியாது தம்பி என்றேன்.
எனக்குத் தெரிந்தது,
பெர்த்திலிருந்து உன் தங்கை வியாழன் இரவுதான் இறங்குகிறாள்.
உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நான்கு மின்விசிறி.
வெயில் முப்பத்துமூன்று.
உன் தனஞ்செயனை நான் அடிக்கடி பார்க்கிறவள்.
அடிவயிற்றின் வலப்பக்கம் பச்சை நிழலாய்த் தொடங்குவான்.
அவசரமில்லாதவன், வெட்கமும் இல்லாதவன்.
தங்கை வந்து துணியை விலக்கும்போது
அங்கே அவன் இருக்கணுமா,
அப்பா இருக்கணுமா?

நான்கு எண்ணி இழுத்தான், எட்டு எண்ணி விட்டான்.
கையெழுத்துப் போட்டான்.
பேனாவோடு வெளியே போய்விட்டான்.

அங்கிள் கோ பம்பை முடுக்கினார்.
கழுத்தெலும்பின் மேல் ஒரு விரற்கடை கீறல்.
உச்சி முதல் கால்விரல் வரை வியானன் ஓடிய பாதையில்
இனி இளஞ்சிவப்புத் திரவம், லிட்டர் கணக்கில்.
விரல் நுனிகள் நிறம் பெறும்வரை
அவர் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
நெடி ஏறி மூன்று தும்மல். கிருகரன்.
இரண்டு மணிக்குக் கொட்டாவி. தேவதத்தன்.
எனக்கு வந்தது உடனே கோவுக்கும் வந்தது,
ஹொக்கியென் தெரியும் போலிருக்கிறது அவனுக்கு.
அவரிடம் இல்லாத அத்தனை பேரும்
எங்கள் இருவரிடமும் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதுகைத் துடைக்க அவரைப் புரட்டினோம்.
அப்போது, வாய்க்குள்ளிருந்து,
"ஹ்ம்."

நீளமாக. யாரோ சொன்னதை ஒப்புக்கொள்வது போல.

கோ நிமிரவில்லை. "அங்கின்" என்றார்,
எங்களுக்குள் பொதுவான மலாயில்.
காற்றுதான். நுரையீரலில் தங்கியது,
அழுத்தினால் வரும். நூறு முறை கேட்டிருக்கிறேன்.
ஆனாலும் துடைப்பதை நிறுத்திவிட்டு
அவர் மார்பில் கைவைத்துக் காத்திருந்தேன்,
இன்னும் ஏதோ சொல்லப்போகிறவர்முன்
காத்திருப்பது போல.
குழல்விளக்கு இரண்டு தடவை சிமிட்டியது.

விடிகாலை ஐந்தரை.
எதிர்க் கடையில் தே ஓ குடித்துவிட்டு வந்தேன்,
வழியெல்லாம் ஏப்பம், நாகனும் வந்தாயிற்று.
பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான் இளமாறன்.
வீட்டுக்கே போகவில்லை.

"ஏதாவது...?" என்றான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
"திருப்பும்போது ஒரு பெருமூச்சு" என்றேன்.

"உள்ளேயா, வெளியேயா?"

"வெளியே."

தலையை மெல்ல ஆட்டினான்,
மாணவன் கையை வீசும் விதம் சரிதானா என்று
கரையில் நின்று பார்க்கும் ஒருவரைப் போல.
பிறகு சட்டைப்பையைத் தடவி
என் பேனாவை எடுத்தான்,
மூடியைப் போட்டான்,
தந்தான்.